ஏ.ஐ. ஏஜென்ட் குழப்படி செய்தால்: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் இருந்து போனையும் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு என்னிடம் திருத்த வருகிறவர்களின் முறைப்பாடு மாறிவிட்டது. முன்பு "ஏ.ஐ. பிழையான பதில் சொல்லுது" என்பார்கள். இப்போது "அண்ணை, அது பிழையான வேலை செய்து போட்டுது" என்கிறார்கள். கேட்டதற்குப் பதில் எழுதித் தருவதோடு நிற்பது சாட்பொட். உங்கள் மின்னஞ்சலைத் திறந்து வாசித்து, பதில் அனுப்பி, படிவம் நிரப்பி, கோப்புகளை நகர்த்தி, காசு கட்டுகிற இடம்வரை தானே போவது ஏஜென்ட். அந்த ஏஜென்ட் பிழைக்கும்போது என்ன செய்வது என்பதுதான் இங்கே இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துகிற தலைப்பை மட்டும் வாசித்தால் போதும்.

எந்த அறிகுறியோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இதற்கு எந்தெந்தக் கணக்கின் திறப்பைக் கொடுத்தீர்கள்? அது எவ்வளவு கெட்டித்தனம் உள்ளது என்பது பிறகு. திறப்புக் கொடுக்காத அறைக்குள் அது போகாது.

எல்லாவற்றுக்கும் முதல்: நிறுத்துவது

பலர் பதற்றத்தில் போனை ஓஃப் செய்கிறார்கள், டேட்டாவை அணைக்கிறார்கள். பெரும்பாலான ஏஜென்ட்களை அது நிறுத்தாது. வேலை நடப்பது உங்கள் கையில் உள்ள போனில் அல்ல, அந்த நிறுவனத்தின் சேர்வரில். கரண்ட் போய், போன் செத்துக் கிடந்தாலும் அது தன்பாட்டில் செய்துகொண்டிருக்கும். லப்டொப்பிலோ போனிலோ நிறுவி அதற்குள்ளேயே ஓடுகிற வகை மட்டும் அதை அணைத்தால் நிற்கும்.

எனவே முதலில் செயலிக்குள்ளேயே நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில் மூன்றாம் தரப்புச் செயலிகள், சேவைகள் என்ற பட்டியலுக்குப் போய், அந்த ஏஜென்ட்டின் இணைப்பை நீக்குங்கள். பாஸ்வேர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு நம்பியிருக்க வேண்டாம். ஏற்கனவே கொடுத்த அனுமதி அதன் பிறகும் உயிரோடு இருக்கலாம். வட்ஸ்அப்பை இணைத்திருந்தால் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத சாதனத்தை வெளியேற்றுங்கள். ஏஜென்ட்டுக்குள் நேரம் குறித்து வைத்த வேலைகள் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். முழுவதையும் ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். என்ன நடந்தது என்பதைக் காட்டுகிற சாட்சி அதுதான். அழித்துவிட்டு வந்தால் யாரும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அறிகுறி: "முடிச்சிட்டன் எண்டு சொல்லுது, ஆனா ஒண்டும் நடக்கேல்லை"

அதிகம் வருவதும் சுலபமாகத் தீர்வதும் இதுதான். கடற்றொழிலாளர் சங்கத்துக்காகக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள், "அனுப்பிவிட்டேன்" என்று வந்தது, அலுவலகத்திலோ கிடைக்கவில்லை.

முதலில் மின்னஞ்சலில் வரைவுப் பெட்டியைப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கடிதம் அங்கேதான் இருக்கும். அது எழுதி வைத்தது, அனுப்பும் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டும். அப்படி இருப்பது நல்ல அமைப்பு, அதை மாற்ற வேண்டாம்.

வரைவிலும் இல்லையா? ஏஜென்ட் உங்கள் கணக்கோடு உண்மையில் இணைந்திருக்கிறதா என்று சோதியுங்கள். "எனக்குக் கடைசியாக வந்த மின்னஞ்சல் யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, பதிலை உங்கள் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அதற்கு இணைப்பே இல்லை. நாளை காலை ஞாபகப்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு மௌனமாக இருப்பதும் இந்த வகைதான்; அந்த வசதி இல்லாத செயலியும் சம்மதம் சொல்லும்.

இணைப்பு இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், இடையில் ஏதோ ஒரு பக்கம் அதை மறித்திருக்கும். லொகின் காலாவதியாகி இருக்கலாம், 'நான் ரோபோ அல்ல' என்ற படப் பரீட்சை வந்திருக்கலாம், இணைப்பு அரைவழியில் அறுந்திருக்கலாம். பல ஏஜென்ட்கள் தாங்கள் போன பக்கங்களை ஒவ்வொரு படியாகக் காட்டும். கடைசிப் படியைத் திறந்து பாருங்கள்.

"உண்மையாச் செய்தனியோ?" என்று அதனிடமே கேட்பதில் பயன் இல்லை. செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் பணிவாக ஒரு பதில் தரும். வெளியே கிடைக்கும் ஆதாரத்தை மட்டும் நம்புங்கள்: அனுப்பிய பெட்டியில் கடிதம், விண்ணப்பத்துக்கு வந்த தொடரிலக்கம், வங்கியில் இருந்து வந்த குறுந்தகவல்.

இதற்குத் திருத்துகிறவர் தேவையில்லை. விண்ணப்பத் திகதி இன்றோடு முடிகிறது என்றால் ஏஜென்ட்டோடு மல்லுக்கட்டாமல் பிரதேச செயலகத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ நேரே போன் எடுங்கள்.

அறிகுறி: "கேளாமல் அனுப்பிப் போட்டுது"

முதற் காரணம் பெரும்பாலும் ஒரு தடவை அழுத்திய பொத்தான். முக்கியமான செயலுக்கு முன் ஏஜென்ட் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் 'இந்த முறை மட்டும்', 'எப்போதும் அனுமதி' என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். தொந்தரவு வேண்டாம் என்று இரண்டாவதை அழுத்தியிருப்பீர்கள். அமைப்புகளில் அதை மீண்டும் 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றுங்கள்.

அடுத்தது உங்கள் சொல். "இவருக்கு ஒரு பதில் போட்டுவிடு" என்றால் அது போட்டுவிடும். "பதிலை எழுதிக் காட்டு, அனுப்பாதே" என்று சொல்லிப் பழகுங்கள். திகதியை 'வாற கிழமை' என்று விடாமல் இலக்கத்தில் கொடுங்கள், தொகையை எழுத்தாலும் இலக்கத்தாலும் கொடுங்கள்.

மூன்றாவதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்: ஒரே கணக்கு வீட்டில் எத்தனை போன்களில் திறந்திருக்கிறது? "ஏ.எல். படிக்கிற பிள்ளைதான் போட்டுத் தந்தவ" என்று சொல்கிற வீடுகளில் பிள்ளையின் போனில் கொடுத்த வேலை அம்மாவின் கணக்கில் இருந்து போயிருக்கும். பிள்ளையை ஏசாமல், அவருக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள்.

இவை ஒன்றும் இல்லை என்றால் கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைப் பாருங்கள். தெரியாத போனோ தெரியாத ஊரோ இருந்தால் இது ஏஜென்ட்டின் பிழை அல்ல, யாரோ கணக்கைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து வெளியேற்றி, வேறொரு நம்பிக்கையான போனில் பாஸ்வேர்ட்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்ட்டோடு இரண்டாவது ஒரு உறுதிப்படுத்தலையும் கேட்பது) போடுங்கள்.

போனதை மீட்க நேரம் குறைவு. ஜிமெயிலில் அனுப்பியதை மீளப் பெற ஆகக்கூடியது 30 விநாடிதான், அதுவும் அமைப்பில் முன்பே அப்படி வைத்திருந்தால். வட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' என்பது இரண்டு நாட்களுக்குச் சற்று மேல்வரை வேலை செய்யும். நெல் வாங்கும் ஆளுக்கு ஏஜென்ட் தன்பாட்டில் விலை சொல்லிவிட்டது என்றால் அழிப்பதோடு நிற்க வேண்டாம். உடனே அவருக்குப் போன் எடுத்துக் கதையுங்கள். 'அது மெசின் சொன்னது, நான் பொறுப்பில்லை' என்ற வாதம் நிற்காமல் போகலாம். எயர் கனடாவின் சாட்பொட் ஒரு பயணிக்குப் பிழையான கட்டண விபரம் சொன்ன வழக்கில், 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்று நட்டஈடு கட்ட வைத்தது.

அறிகுறி: "படத்தையும் காணேல்லை, கோப்பையும் காணேல்லை"

இதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசியுங்கள். வன்னியில் ஒரு வீட்டின் காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், காணாமல் போன பிள்ளையின் ஒரேயொரு படம், காம்பில் கொடுத்த துண்டு, இவையெல்லாம் 2009 இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றிக் காவி வந்தவை. நீரூறி, ஓரம் உதிர்ந்த அந்தத் தாளைத்தான் போனில் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். மூலத்தாள் இன்று வாசிக்க முடியாத நிலையில் இருக்கலாம். அந்தப் படங்கள் கிடக்கும் இடத்தில் "ஒரே மாதிரி உள்ளதை அழித்து ஒழுங்குபடுத்து" என்று ஏஜென்ட்டிடம் சொல்லாதீர்கள். அனுமதிப்பத்திரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் அதற்கு 'ஒரே மாதிரி' என்று தெரியக்கூடும். முதலில் பென்ட்ரைவ் இரண்டில் பிரதி எடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், பிறகு எதையும் செய்யுங்கள்.

ஏற்கனவே போய்விட்டதென்றால், தேடும் ஒழுங்கு இது. பெயர் மாற்றி வேறு கோப்புறைக்குள் போட்டிருக்கும். தேடும் கட்டத்தில் கோப்பின் பெயரையும் திகதியையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் குப்பைப் பெட்டி. ஜிமெயிலிலும் கூகுள் ட்ரைவிலும் அழித்தது 30 நாள் குப்பையில் இருக்கும். கோப்பு இருக்கிறது, உள்ளே எழுதியது மாறிவிட்டது என்றால் ட்ரைவில் 'பதிப்பு வரலாறு' என்பதைத் திறந்து பழையதை மீட்கலாம்.

லப்டொப்பில் கட்டளை வழியாக வேலை செய்கிற ஏஜென்ட் அழித்தது குப்பைப் பெட்டிக்குப் போகாது, நேரே போய்விடும். அப்போது அந்த லப்டொப்பில் புதிதாக ஒன்றும் சேமிக்காதீர்கள், மீட்பு மென்பொருளைக்கூட அதே டிஸ்கில் இறக்காதீர்கள். அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்.எஸ்.டி. (புதிய லப்டொப்களில் உள்ள சேமிப்பு வகை) என்றால் மிகக் கடினம்.

"அழிக்காதே எண்டு சொன்னனான்" என்று சொல்கிறவர்களுக்கு: சொல் ஒரு பூட்டு அல்ல. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற தளத்தின் ஏஜென்ட், ஒன்றையும் மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் நடைமுறையில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. அந்த நிறுவனத்தின் தலைவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அழிக்கும் அனுமதி இல்லாத கணக்கைக் கொடுங்கள். 'வாசிக்க மட்டும்' என்ற தெரிவு இருந்தால் அதையே தெரியுங்கள்.

அறிகுறி: "ஒரு மெயிலை வாசிக்கச் சொன்னன், பிறகு சொல்லாத வேலையெல்லாம் செய்யுது"

ஏஜென்ட் வாசிக்கிற எழுத்துக்குள்ளேயே அதற்கான கட்டளையை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே முதற் சந்தேகம். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக, படத்துக்குள், கருத்துப் பகுதியில், எங்கும் இருக்கலாம். நீங்கள் தந்த கட்டளை எது, வாசிக்கக் கொடுத்த தாளில் இருந்த வசனம் எது என்பதை அது நம்பிக்கையாகப் பிரித்தறிவதில்லை. 2022 முதல் இதைப் பற்றி எச்சரிக்கிறார்கள்; முழுத் தீர்வு இன்னும் இல்லை. 2025 ஓகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கொமெட் என்ற ஏ.ஐ. பிரவுசரை வைத்துச் செய்து காட்டினார்கள்: ரெடிட் என்ற கருத்துத் தளத்தில் ஒரு பக்கத்தைச் சுருக்கித் தரச் சொன்னதும், அங்கே ஒரு கருத்தில் மறைத்து வைத்திருந்த வசனங்களுக்குக் கீழ்ப்படிந்து, பயனரின் ஜிமெயிலில் இருந்த ஓ.டி.பி.யை (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கத்தை) எடுத்து வெளியே கொடுத்தது. பயனர் செய்தது 'சுருக்கு' என்று அழுத்தியது மட்டும்.

சோதனை: நிறுத்திய பின், கடைசியாக எந்த மின்னஞ்சலை, எந்தப் பக்கத்தை வாசித்தது என்று அதன் படிகளில் பாருங்கள். அந்தப் பக்கத்தில் எல்லா எழுத்தையும் தெரிவு செய்து வெறும் குறிப்புச் செயலி ஒன்றில் ஒட்டினால், மறைந்திருந்த எழுத்து அநேகமாக வெளியே வரும். அனுப்பிய பெட்டி, மின்னஞ்சலைத் தானாக வேறு முகவரிக்குத் திருப்பும் விதிகள், புதிதாகப் பகிர்ந்த கோப்புகள், இந்த மூன்றையும் பாருங்கள். திருப்பும் விதியைப் பலர் பார்ப்பதில்லை; அது இருந்தால் பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

அதே உரையாடலைத் தொடர வேண்டாம். அந்த வசனங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்குங்கள்.

இனி வராமல் இருக்க, மூன்று விடயங்களை ஒரே ஏஜென்ட்டிடம் ஒன்றாகக் கொடுக்காதீர்கள்: உங்கள் அந்தரங்கத் தரவு, முன்பின் தெரியாதவர் எழுதியதை வாசிக்கும் வேலை, வெளியே அனுப்பும் வசதி. மூன்றில் இரண்டு மட்டும் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். மாதர் சங்கத்தில் உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் உள்ள பட்டியல் ட்ரைவில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மானியம் தேடித் தரும் ஏஜென்ட்டுக்கு அந்த ட்ரைவை இணைக்க வேண்டாம். தேடுவதற்குப் புதிதாக ஒரு வெறும் மின்னஞ்சல் கணக்குப் போதும். அந்தப் பட்டியலில் இருப்பது மற்றவர்களின் விபரம். அவர்கள் உங்களை நம்பித் தந்தது.

பட்டியல் வெளியே போய்விட்டதாகத் தெரிந்தால் இது நீங்கள் தனியே திருத்தும் விடயம் அல்ல. சங்க உறுப்பினர்களுக்கு அன்றே சொல்லுங்கள், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் அழையுங்கள்.

அறிகுறி: "பாஸ்வேர்ட் கேக்குது, ஓ.டி.பி. கேக்குது"

எங்கே கேட்கிறது என்று பாருங்கள். கூகுளின் சொந்த லொகின் பக்கத்தில் கேட்டால், முகவரிப் பட்டையில் எழுத்து எழுத்தாக வாசித்துச் சரி என்றால், நீங்களே தட்டெழுதலாம். நல்ல ஏஜென்ட்கள் இந்த இடத்தில் பிரவுசரை உங்கள் கையில் தந்துவிட்டு ஒதுங்கும். உரையாடல் பெட்டிக்குள் "உங்கள் பாஸ்வேர்ட்டை இங்கே எழுதுங்கள்" என்றால் எழுத வேண்டாம், எந்தக் காரணம் சொன்னாலும். வங்கி ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் இலக்கம் இரண்டையும் எந்த ஏஜென்ட்டுக்கும் எப்போதும் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசு இருக்கும் கணக்கை ஏஜென்ட்டோடு இணைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்குகிறவருக்கு அதில் கிடைக்கும் வசதி சிறிது, போனால் போவது பெரிது.

செயலி எங்கிருந்து வந்தது? ப்ளே ஸ்டோரில் இருந்தா, வட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட ஏ.பி.கே. கோப்பா? இரண்டாவது என்றால் அது ஏஜென்ட் என்ற பெயரில் வந்த திருட்டுச் செயலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அணுகல்தன்மை அனுமதி கேட்டு நீங்களும் கொடுத்திருந்தால், திரையில் தெரிவதையெல்லாம் அது பார்க்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செய்யும். இது போனுக்குள்ளேயே ஓடுவது, எனவே உடனே விமானப் பயன்முறை. பிறகு வேறு போனில் இருந்து வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை மறிக்கச் சொல்லுங்கள். செயலியை நீக்குவதும் பாஸ்வேர்ட்களை மாற்றுவதும் அதற்குப் பிறகு. காசு போய்விட்டால் வங்கி, அடுத்தது பொலிஸ் முறைப்பாடு, 101. இலங்கையில் 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் இது குற்றம். முறைப்பாட்டை எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. போனை ரீசெட் செய்யாமல் கொண்டு போங்கள்.

அறிகுறி: "காசு வெட்டுது, டேட்டா முடியுது"

இலவசச் சோதனைக் காலம் முடிந்து சந்தா ஓடத் தொடங்கியிருக்கும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதியில் போய் ரத்துச் செய்ய வேண்டும். இணையத்தளத்தில் அட்டை கொடுத்திருந்தால் அந்தத் தளத்திலேயே ரத்துச் செய்யுங்கள். பெரும்பாலும் டொலரில் வெட்டும் என்பதால் மாதாமாதம் ரூபாத் தொகை கொஞ்சம் மாறும், அதில் பதற வேண்டாம். ஏ.பி.ஐ. சாவி (சொந்த நிரலில் இருந்து ஏ.ஐ.யைப் பாவிக்கத் தரும் இரகசியக் குறியீடு) எடுத்துப் பழகுகிற மாணவர்கள் செலவு வரம்பு ஒன்றை முதல் நாளே போடுங்கள், சாவியைப் பொதுவில் பகிரும் நிரலுக்குள் எழுதி விடாதீர்கள். ரத்துச் செய்த பிறகும் வெட்டினால் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

அறிகுறி: "ஒரே இடத்தில சுத்துது, தமிழ்க் கடிதத்தைப் பிழையா வாசிக்குது"

சுற்றுவது பெரும்பாலும் சிக்னல். மாங்குளம் தாண்டி உள்ளே போனால் பக்கம் அரைகுறையாகத் திறக்கும், போனில் ஓடுகிற ஏஜென்ட் திரும்பத் திரும்ப அதே பொத்தானை அழுத்தும். நிறுத்தி, வேலையைச் சிறிதாக உடைத்துக் கொடுங்கள்.

தமிழ் பிழைப்பதற்கு இங்கே பெரிய காரணம் பாமினி எழுத்துரு. எங்கள் அலுவலகங்கள், பாடசாலைகள், ரைப்பிங் கடைகளில் எத்தனையோ வருடக் கடிதங்கள் பாமினியில் கிடக்கின்றன. திரையில் எங்களுக்குத் தமிழாகத் தெரிவது ஏஜென்ட்டுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அது தெரியாது என்று சொல்லாமல், ஊகித்து ஒரு கடிதத்தை உங்களுக்குச் சொல்லிவிடும், அதுதான் ஆபத்து. சோதிக்க ஒரு வரியைக் கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் பாமினி. யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள், மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒன்றும் கொப்பியாகவில்லை என்றால் அது ஸ்கான் செய்த படம். வெளிச்சத்தில் நேராகத் திரும்பப் படம்பிடியுங்கள்.

மாற்றிய பின் மூலத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி இலக்கம், திகதி நான்கையும் விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். 'ஸ்ரீ', 'ஷ', 'ஜ' வருகிற பெயர்கள் சில கருவிகளில் உடைகின்றன. காணிக் கடிதம், நீதிமன்றக் கடிதம் என்றால் ஏஜென்ட் சொன்ன சுருக்கத்தை வைத்து ஒப்பமிட வேண்டாம். சட்டத்தரணி ஒருவரிடமோ கிராம அலுவலரிடமோ மூலத்தைக் காட்டுங்கள்.